ஒக்டோபர் பத்தாம் திகதி அந்த வீட்டில் இருந்தவர்கள்

1991ஆம் ஆண்டு ஒக்டோபர் பத்தாம் திகதி அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரரான மாஸ்டர், அவருடைய மனைவி, பதினைந்து வயது மகன், கீழே முன்னறையில் வாடகைக்கு இருந்த இரண்டு பெடியன்கள், ஒருவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை, மற்றவருக்குக் கோழிக்கடையில், மேலே பின்னறையில் புஷ்பராணி, அவருடைய கணவர், மூன்று வயதுப் பெண் குழந்தை. மொத்தம் எட்டுப் பேர். வாக்களிக்கும் வயதில் ஆறு பேர். அந்த வீட்டுக்கு நான் எழுதிக்கொண்டு போனது இரண்டு பேர்.

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு என்பது தெரியும். அந்தக் காலத்துத் தேர்தல் சட்டங்கள் எப்படி இருந்தன, புதிதாக வந்தவை எங்கள் சனத்துக்கு உதவினவா உபத்திரவம் தந்தனவா என்று, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசிப்பதற்காக, மதிப்பிட்டு எழுதச் சொன்னீர்கள். சட்டத்தை மதிப்பிட நான் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் மூட்டை தூக்கப் போனவன். ஆனால் பதினாறு வருடம் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவு தட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த மதிப்பீடு அந்த ஒரு வீடுதான். அதை எழுதுகிறேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில், பெயர் வேண்டாம். அதன் தேர்தல் பிரிவுக்கு இலையுதிர் காலத்தில் மட்டும் ஆள் எடுப்பார்கள். வீடு வீடாகப் படிவம் கொண்டு போய், திரும்பி வராத வீடுகளின் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வரவேண்டும். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒக்டோபர் பத்தாம் திகதி யார் எந்த வீட்டில் குடியிருந்தாரோ அவருடைய பெயர் அந்த வீட்டு விலாசத்தோடு வாக்காளர் இடாப்பில் ஏறும். மாசியில் புது இடாப்பு அமலுக்கு வரும். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு அதுதான் கணக்கு.

எங்கள் சனத்துக்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் நாட்டைப் போலப் பொதுநலவாயத்தில் சேர்ந்த நாட்டின் பிரஜை என்றால், வயதும் வந்து இங்கே குடியிருந்தால் போதும், வாக்கு உண்டு. விசா என்ன, எப்போது வந்தாய் என்று அந்த நாளில் படிவம் கேட்கவில்லை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அகதியாக வந்தவனுக்கு வாக்கா என்று சிரிப்பார்கள். சில வீடுகளில் கதவையே திறப்பதில்லை. ஒரு வீட்டில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வீட்டிலை ஒருத்தரும் இல்லை."

"அப்ப கதைக்கிறது ஆர்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரும் வெளியிலை போயிட்டார்" என்றது குரல்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்திய வருடம்தான் போல் டாக்ஸ் வந்திருந்தது. வீட்டுக்கு வரி என்பது போய் ஆளுக்கு வரி. பதினெட்டு வயதான ஒவ்வொரு தலைக்கும் தனித்தனி பில். அதற்குக் கவுன்சில் வேறு இடாப்பு வைத்திருந்தது, வேறு மாடியில், வேறு ஆட்கள். ஆனால் எங்கள் இடாப்பை அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். இதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். வாக்கு வேண்டுமென்றால் வரி வரும். வரி வேண்டாமென்றால் வாக்கை விடு. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. சனம் தானாகவே அப்படி வாசித்துக்கொண்டது. அந்த வாசிப்பில் பிழையும் இல்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் பயந்த சுபாவக்காரன். பஸ்ஸில் ஏறிய பிறகும் இது சரியான பஸ்தானா என்று சாரதியைக் கேட்பேன். படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் விலாசத்தைச் சரியாக எழுதினேனா என்று செவன் கிங்ஸில் இருந்த என் வீடு வரை யோசித்துக்கொண்டே போவேன். எங்களுக்குத் தந்த அறிவுறுத்தல் புத்தகத்தில் முதல் நாலு பக்கம் எனக்கு மனப்பாடம். மிச்சம் முப்பது பக்கத்தைத் திறக்கப் பயம். அந்த ஆங்கிலம் வேறு மாதிரி. ஒரு வசனம் தொடங்கினால் முடிகிறபோது தொடக்கம் மறந்துபோகும்.

மாஸ்டர் வீட்டுக்கு நான் போனது பதினேழாம் திகதி. அவர் ஊரில் கணிதம் படிப்பித்தவர். லண்டனில் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலை, ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மழைக்குள் நிற்க விடாமல் உள்ளே கூப்பிட்டார். படிவத்தை வாங்கி, விடைத்தாள் திருத்துகிறவர் போல மேலிருந்து கீழே பார்த்தார்.

"எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"எட்டு, மாஸ்டர்."

"கையெழுத்துப் பரவாயில்லை" என்றார். பிறகு, "நானும் மனிசியும். ரெண்டு பேர். எழுதும்" என்றார்.

வாசலில் செருப்பும் சப்பாத்துமாக ஒன்பது சோடி கிடந்தது. அதில் ஒன்று ஒரு சாண் நீளம்கூட இல்லாத சிவப்புச் சப்பாத்து. நான் பார்த்ததை மாஸ்டரும் பார்த்தார். விருந்தினர் வந்திருக்கிறார்கள், போய்விடுவார்கள் என்றார். நான் பேனையை எடுக்காமல் நின்றேன். அப்போதுதான் குரலைத் தணித்துச் சொன்னார்.

"தம்பி, கவுன்சில்காரன் இண்டைக்கு ஆள் எண்ணுவான், நாளைக்குக் கட்டில் எண்ணுவான். நெருப்புப் பரவாமல் மறிக்கிற கதவு எங்கை எண்டு கேப்பான். அவன் வீட்டைப் பூட்டச் சொன்னால் இந்தச் சனத்தைக் கொண்டுபோய் எங்கை விடுறது? சொல்லும் பாப்பம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. லண்டனில் ஒருவரையும் தெரியாமல் வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு முதல் இரவு அந்த வீட்டில்தான். சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நேரம் புஷ்பராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்தார். கவுன்சிலிலிருந்து வந்திருக்கிறேன் என்பது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அண்ணை, எங்களையும் பதியிறீங்களோ?"

"நீர் மேல போம் பிள்ளை. இது வீட்டுக்காரர் நிரப்பிற படிவம்" என்றார் மாஸ்டர்.

அது உண்மை இல்லை. நான் விசாரித்து எழுதலாம். யார் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடமே கேட்கலாம்; அதற்குத்தான் எனக்குக் கூலி. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் ஒரு கணித ஆசிரியரின் முன்னால் நின்று, உங்கள் கூட்டல் பிழை என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்களுக்கு இது சொல்லி விளங்கவேண்டியதில்லை. நான் குனிந்து கோப்பின் நாடாவைக் கட்டினேன். புஷ்பராணி கேட்டது காதில் விழாத மாதிரி. மாஸ்டர் கையெழுத்து வைத்தார். நான் போய்விட்டேன்.

இதை என் பெரிய பிழை என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. அவசரம், மரியாதை, மழை எல்லாம் சேர்ந்தது. பெரிய பிழை அதற்குப் பிறகு நடந்தது.

அடுத்த மார்ச்சில் பொதுத் தேர்தல் அறிவித்தார்கள். வேலை கூடியதால் என்னைக் கந்தோரில் முன்மேசைக்கு எடுத்திருந்தார்கள். தமிழர் வந்தால் கதைக்கவும் ஆள் வேண்டும். தேர்தல் அறிவித்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ புஷ்பராணி வந்தார். குழந்தைக்கு அதே சிவப்புச் சப்பாத்து.

வாக்காளர் அட்டை தனக்கு வரவில்லை என்றார். இடாப்பில் பெயர் இல்லை, அதனால் வராது என்றேன். தனக்கு இருபத்தெட்டு வயது என்றார். ஊரில் பெயர் இருந்ததாம், ஆனால் தேர்தல் நாளில் சண்டை வரும் என்று வீட்டார் வெளியே போக விடமாட்டார்களாம்.

"நான் இன்னும் ஒரு புள்ளடி போடேல்லை அண்ணை. இனி ஒண்டும் செய்யேலாதோ?"

"ஏலாது. டிசம்பரோடை முடிஞ்சுது" என்றேன்.

டிசம்பர் நடுப்பகுதிவரை திருத்தம் கேட்கலாம் என்பது அந்த முதல் நாலு பக்கத்தில் இருந்தது. அதுதான் எனக்குத் தெரியும். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லுக்காக என் சம்பளத்தில் ஒரு பென்ஸ்கூடக் குறையவில்லை. பின்னால் காத்திருந்தவர் முன்னால் வந்தார்.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு, வேட்புமனு முடிந்து இரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளைக்கார பஸ் சாரதி வந்தார். தன் பெயர் விடுபட்டிருக்கிறது என்று சத்தம் போட்டார். எங்கள் மேலதிகாரி ஒரு பெண், என்னைவிடப் பதினொரு வயது இளையவர். அவர் வந்து, இந்தத் தேர்தலுக்கு நேரம் கடந்துவிட்டது, இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் சேர்த்திருக்கலாம் என்று சொல்லி, மூன்றாம் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். அந்த இழுப்பறையில் கடித உறைகள் இருக்கின்றன என்று நான் நினைத்திருந்தேன்.

சாரதி போன பிறகு கேட்டேன். மேலதிகாரி புத்தகத்தைத் திறந்து பதினெட்டாம் பக்கத்தைக் காட்டினார். இடாப்பு அச்சாகி வந்த பிறகும், ஒக்டோபர் பத்தாம் திகதி அந்த வீட்டில் குடியிருந்தவர் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்கலாம். தேர்தல் என்றால் வேட்புமனு முடிவதற்குள் கேட்க வேண்டும். அது அப்போது பத்து வருடத்துக்கு மேல் பழகிய சட்டம். விடுபட்டவர்களுக்காகவே பாராளுமன்றம் யோசித்துப் போட்ட சட்டம். புஷ்பராணி வந்த அன்று ஒரு கிழமைக்கு மேல் நேரம் இருந்தது.

சட்டத்தை மதிப்பிடச் சொன்னீர்களே, அதற்கு என் பதில் இதுதான். சட்டம் அவருக்கு ஏலும் என்று சொன்னது. நான் ஏலாது என்று சொன்னேன். அவர் என்னைத்தான் கேட்டார், சட்டத்தை இல்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் ஓம் என்று சொன்னால் பிறகு உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தெரியாமல் இல்லை என்று சொன்னால் ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஆள் போய்விடுவார். அதனால் பயந்தவன் வாயில் முதலில் வருவது இல்லை என்பதுதான். அது கவனம் போலத் தெரியும். கவனம் இல்லை.

நான் மேலதிகாரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்பராணியைத் தேடிப் போகவும் இல்லை. அந்த வருடம் எனக்கு நிரந்தர வேலைக்கு வாய்ப்பு இருந்தது. மூன்று இரவு நித்திரை இல்லை, நாலாம் இரவு வந்தது. தேர்தல் முடிந்தது.

கோடையில் கவுன்சில் குழு ஒரு அறிக்கை கேட்டது. போல் டாக்ஸ் வந்த பிறகு இடாப்பில் பெயர் குறைந்திருக்கிறது; புதிய சட்டங்கள் எல்லாம் வாக்காளருக்கு எப்படி உதவுகின்றன, எங்கே தடுக்கின்றன என்று மதிப்பிட வேண்டும். மேலதிகாரி கதவு தட்டுகிற எங்கள் பன்னிரண்டு பேரிடமும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நானும் எழுதினேன். சனம் பயப்படுகிறது, வரிக்குப் பயந்து பெயரை ஒளிக்கிறது, மொழி விளங்கவில்லை என்று எழுதினேன். எல்லாம் உண்மை. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்தப் பக்கம் என் மேசையில் கொடுக்கத் தயாராகக் கிடந்த கிழமையில்தான் புஷ்பராணி மறுபடி வந்தார். ஜூலை மாதம். கணவர் இரண்டு மாதத்துக்கு முன் கனடாவுக்குப் போய்விட்டார், கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், எப்போது என்று தெரியாது. மாஸ்டரின் மனைவியின் தங்கை குடும்பம் ஊரிலிருந்து வருகிறது. ஆவணி முடிவதற்குள் அவர்களுக்கு அந்த அறை வேண்டும். வீடு கேட்டுக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்குப் போயிருக்கிறார். இந்த எல்லைக்குள் ஒரு வருடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றிருக்கிறார்கள்.

அத்தாட்சி இல்லை. காஸ், கரண்ட் எல்லாம் மாஸ்டர் பெயரில். வாடகை கையில் கொடுத்தது. தைத்துக் கொடுக்கும் வேலைக்கும் கைக்காசு. டொக்டர் கார்டு பழைய சவுத்தால் விலாசத்தில். தமிழ் டொக்டரை விட மனமில்லாமல் மாற்றவில்லை. பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுப் பிரிவு எழுத்தர் கடைசியில் எங்கள் இடாப்பைத் திறந்து வீட்டு இலக்கத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டு பெயர். அதில் இவர் இல்லை.

"நான் இந்த ஊரிலை இல்லையாம் அண்ணை" என்றார். அழவில்லை. விலாசம் விசாரிக்கிற மாதிரித்தான் சொன்னார். "நீங்கள் என்னைப் படியிலை கண்டனீங்கள்தானே?"

நான் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து சொன்னேன்.

"தங்கச்சி, மார்ச்சிலை நான் சொன்னது பிழை. அப்பவும் ஏலும். இப்பவும் ஏலும்."

"அப்ப ஏன் ஏலாதெண்டு சொன்னனீங்கள்?"

"தெரியாது. பயத்திலை சொல்லிப்போட்டன்."

"ஆருக்குப் பயம்?"

நான் இழுப்பறையின் பிடியைப் பிடித்தேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, சரி, என்ன செய்ய வேண்டும் என்றார்.

மூன்றாம் இழுப்பறைப் படிவத்தை எடுத்தேன். இந்த முறை முழுவதையும் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன், கெட்டதையும் சேர்த்து. கையெழுத்து வைத்தால் ஐந்து நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்கும். யாரும் மறுக்கலாம். மாஸ்டர் கொடுத்த படிவத்துக்கு இது எதிராக இருப்பதால் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பெயர் ஏறினால் மேல் மாடி வரிக்காரர்கள் பார்ப்பார்கள். வந்து குடியேறிய நாளிலிருந்து போல் டாக்ஸ் கணக்குப் பார்த்து பில் அனுப்புவார்கள். வருமானம் குறைவென்று கழித்தாலும் சில நூறு பவுண் வரும்.

அவர் சில நூறு என்பதில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"பில் என்ரை பேரிலை வருமோ?"

"ஓம்."

"அந்த வீட்டு விலாசத்துக்கு?"

"ஓம்."

"வந்த திகதி போட்டு?"

"ஓம். அந்த நாளிலை இருந்துதான் கணக்கு."

"கவுன்சிலே அனுப்பும்?"

"கவுன்சில்தான்."

"அப்ப அனுப்பச் சொல்லுங்கோ" என்று சொல்லிப் பேனையைக் கேட்டார்.

பன்னிரண்டு பேர் எழுதிய பன்னிரண்டு பக்கத்திலும் அந்த யோசனை இல்லை. எல்லோரும் பயந்து ஒளிந்த அந்தப் பில்லை அவர் அத்தாட்சியாகக் கண்டார்.

நான் மேலதிகாரியிடம் போய் மார்ச்சில் நடந்ததையும் ஒக்டோபரில் நடந்ததையும் சொன்னேன். எனக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அவர் ஏசவில்லை. திகதிகளை எழுதிக்கொண்டார். விசாரணையில் நீயும் இருக்க வேண்டும் என்றார்.

மாஸ்டர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய ஆங்கிலம் எங்கள் கந்தோரில் பாதிப் பேரின் ஆங்கிலத்தைவிட நல்லது, மொழிபெயர்க்க என்னை வேண்டியிருக்கவில்லை. போன வருடம் ஒக்டோபர் பத்தாம் திகதி உங்கள் வீட்டில் குடியிருந்தவர்கள் யார் என்று மேலதிகாரி கேட்டார். உங்கள் உத்தியோகத்தர் வந்து எழுதினாரே, அவரைக் கேளுங்கள் என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"தம்பி, நான் சொன்னதை நீர் எழுதினீர். நீர் கண்டதை எழுதியிருக்கலாம். உம்மை ஆர் மறிச்சது?"

இதைவிடச் சரியாக ஒருவரும் என்னைக் குற்றம் சாட்டியதில்லை. மாஸ்டர் என்ன சொல்கிறார் என்று மேலதிகாரி கேட்டார். அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, அவர் சொல்வது சரி, நான் ஒன்பது சோடிச் செருப்பைக் கண்டேன், இந்தப் பெண்ணையும் குழந்தையையும் படியில் கண்டேன், எங்களையும் பதிவீர்களா என்று கேட்டார், நான் கேளாதவன் போலப் போய்விட்டேன் என்றும் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நேரம் எடுத்தது. ஆனால் நான் கண்டது பதினேழாம் திகதி. சட்டம் கேட்பது பத்தாம் திகதி. மாஸ்டருக்கு அது தெரியும். அவர்கள் பத்துக்குப் பிறகுதான் வந்தார்கள் என்று சொல்லி, அந்த ஏழு நாள் இடைவெளியில் அவர் விரும்பினால் நின்றுகொள்ளலாம்.

பக்கத்தில் இருந்த புஷ்பராணி மாஸ்டரின் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், கிழமைக்கு இருபத்தைஞ்சு பவுண் தந்தனான். ஒரு கிழமையும் பிந்தேல்லை. அதை வாங்கேக்கை நான் வீட்டிலை இருந்தனான்தானே?"

"நான் உம்மை இல்லையெண்டு சொல்லேல்லைப் பிள்ளை" என்றார் மாஸ்டர். "கவுன்சிலுக்குத்தான் சொன்னனான்."

"எனக்கு இப்ப கவுன்சில்தான் மாஸ்டர் வீடு தரவேணும்."

மாஸ்டர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். ஒரு வெள்ளைத் தாள் தரும்படி மேலதிகாரியைக் கேட்டார். கோடில்லாத தாளில் கோடு போட்ட மாதிரி நேராக, வீட்டில் இருந்த எல்லோருடைய பெயரையும் வந்த திகதியோடு எழுதினார். வாக்கு வயது வராத குழந்தையின் பெயரையும் வயதையும்கூட எழுதினார். கையெழுத்து வைத்து, தாளைப் புஷ்பராணியின் பக்கம் திருப்பி, பெயர் சரியா என்று பார்க்கச் சொன்னார்.

அவருக்குப் பிழையான விபரம் கொடுத்ததற்காக ஐம்பது பவுண் தண்டம் வந்தது. காசோலையில் கட்டினார். அவர் பயந்த மாதிரியே பரிசோதகர்கள் வந்து கட்டில் எண்ணினார்கள், நெருப்புக் கதவு போடச் சொன்னார்கள். போட்டார். வீடு மூடவில்லை. என்னோடு பிறகு அவர் கதைத்தது ஒரே ஒரு தடவை, ரெய்னர்ஸ் லேனில் ஒரு கலியாண வீட்டில். சாம்பார் வாளியோடு வந்த என்னைப் பார்த்து, "இலையிலை கண்டதுக்கு ஊத்தும் தம்பி, சொன்னதுக்கில்லை" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை.

நான் என் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அதை வாசித்துவிட்டு மேலதிகாரி சொன்னார், மற்றப் பதினொரு பக்கத்திலும் பிழை விடுவது சனம், இதில் மட்டும் நாங்கள். அறிக்கையில் அதை முதலாவதாக வைத்தார். அடுத்த வருடம் எங்கள் அறிவுறுத்தல் புத்தகத்தில் அந்தப் பதினெட்டாம் பக்கத்துச் சட்டம் முதலாம் பக்கத்துக்கு வந்தது. எனக்கு அந்த வருடம் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பில் ஓகஸ்ட் முதல் கிழமையில் வந்தது. பெயர், விலாசம், குடியேறிய திகதி எல்லாம் சரியாக இருந்தது. நானூற்று இரண்டு பவுண் நாற்பது பென்ஸ். புஷ்பராணி அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வீட்டுப் பிரிவுக்குக் கொண்டு போனார். அதே எழுத்தர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இடாப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பெயரைப் பட்டியலில் சேர்த்தார். ஆவணி முடிவதற்குள் மூன்றாம் மாடியில் தற்காலிகமாக இரண்டு அறை கிடைத்தது. லிப்ட் இல்லை. பில்லைக் கிழமைக்கு இரண்டு பவுண் படி கட்ட உடன்படிக்கை செய்துகொண்டார். போல் டாக்ஸை அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய பாக்கியை எடுக்கவில்லை. கணவர் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

94ஆம் ஆண்டு மே மாதம் கவுன்சில் தேர்தல். ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாக்குச் சாவடி. இடாப்பில் பெயரைப் பார்த்துக் கோடு போடுவது என் வேலை. பிற்பகல் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் புஷ்பராணி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அட்டையைக் கொண்டுவர மறந்துவிட்டேன், திரும்பிப் போய் எடுத்து வரவா என்று கேட்டார். ஊர்ப் பழக்கம். எங்கள் சனத்தில் அட்டை இல்லை என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அட்டை தேவையில்லை, பெயர் இருந்தால் போதும் என்றேன். பெயரைக் காட்டச் சொன்னார். இடாப்பைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைக்காமல் குனிந்து வாசித்தார். நான் அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டேன்.

வாக்குப் போடும் தட்டி மறைப்புக்குள் அவர் நின்ற நேரம் மற்றவர்கள் நின்ற நேரத்தைவிட அதிகமில்லை. தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார்.

"போட்டாச்சோ?" என்றேன்.

"ஓம். பென்சில்தான் மொட்டை" என்றார்.

அன்று வியாழக்கிழமை, அவர் பழைய பில்லுக்குக் காசு கட்டும் நாள். கவுன்சில் காசாளர் கந்தோர் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் என்று சொல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் போனார். அந்த இரண்டு பவுணையும் கட்டிய பிறகு மிச்சப் பாக்கி இருநூற்றுப் பதினெட்டுப் பவுண் நாற்பது பென்ஸ்.